விமானி ஜாக்கெட்டில் தோல் பேட்ச்: தைப்பதா, ஒட்டுவதா, வெல்க்ரோவா?

பழைய இராணுவ விமானிகள் அணிந்த தோல் ஜாக்கெட்டைப் போலவே செய்த ஒன்றை வாங்கியவர்களுக்குச் சில நாட்களிலேயே ஓர் ஆசை முளைத்துவிடும்: இடது மார்பில் ஒரு ஸ்குவாட்ரன் பேட்ச், அதாவது ஒரு விமானப் படைப்பிரிவின் சின்னம், இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பேட்சைத் தேர்ந்தெடுப்பது எளிது. அதை எப்படிப் பொருத்துவது என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கையால் தைக்கலாம், இயந்திரத்தில் தைக்கலாம், பசையால் ஒட்டலாம், வெல்க்ரோ வைக்கலாம், டிச் பட்டனோ காந்தமோகூட வைக்கலாம். இவற்றில் எது உறுதியானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்றாவது ஒருநாள் பேட்சைக் கழற்றும்போது எது ஜாக்கெட்டில் என்ன தடயத்தை விட்டுச்செல்லும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது. நூலைப் பிரித்து நனைத்துத் தேய்த்தால் இழைகள் பெரும்பாலும் மீண்டும் கூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை என்றைக்கும் துளைதான்.

இதை எனக்குக் கற்றுத்தந்தது என்னுடைய ஏ-2 ஜாக்கெட். ஐந்து அங்குல விட்டமுள்ள வட்டப் பேட்ச் ஒன்றையும் ஜாக்கெட்டையும் ஒரு தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கைக்கு வந்தபோது வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. வீட்டில் கைபேசியை உள்பையில் வைக்கப் போனபோதுதான் கை பாதியில் நின்றது: பேட்சைச் சுற்றி ஓடிய தையல் தோலையும் லைனிங்கையும் உள்பையையும் சேர்த்துப் பிடித்திருந்தது. உருப்பெருக்கியை வைத்து எண்ணிப் பார்த்தேன். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். சட்டைத் துணிக்கு அது நேர்த்தியான வேலை. தோலுக்கோ அது தபால்தலையின் ஓரத்தைப் போல, கிழிப்பதற்கு வசதியாகக் குத்திவைத்த கோடு. ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓடிய அந்த வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 15 அங்குலம். ஆகவே என் ஜாக்கெட்டின் மார்பில் சுமார் 180 துளைகள். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் எதைச் செய்யவேண்டாம் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

முறைகளை ஒப்பிடுவதற்குமுன் ஜாக்கெட்டையும் பேட்சையும் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும், ஏனெனில் முடிவின் பெரும்பகுதி அவற்றிலேயே அடங்கியிருக்கிறது. ஏ-2 என்பது 1931-இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு ஏற்றுக்கொண்ட வகை. பெரும்பாலும் குதிரைத்தோலிலும், ஒரு பகுதி வெள்ளாட்டுத்தோலிலும் செய்யப்பட்டது. உள்ளே மெல்லிய பருத்தி லைனிங், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல் பட்டை, முதுகில் ஒட்டுப்போடாத ஒரே தோல். ஜி-1 கடற்படைக்குரியது, வெள்ளாட்டுத்தோல், கழுத்துப் பட்டியில் ரோமம், கைகளை முன்னே நீட்ட வசதியாக முதுகின் இரு பக்கங்களிலும் மடிப்பு. இவ்விரண்டின் தோற்பரப்பும் வேறுவேறு குணம் உடையவை. குதிரைத்தோல் வழவழப்பானது, இறுக்கமானது. அதில் ஒரு தவறான துளை விழுந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். வெள்ளாட்டுத்தோலின் மேற்பரப்பு சிறுசிறு மேடுபள்ளங்களாக இருப்பதால் பழைய துளைகளை ஓரளவு மறைத்துக்கொள்ளும். ஆகவே ஜி-1 வைத்திருப்பவர் ஒருமுறை தவறு செய்யலாம். ஏ-2 வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பேட்சுகளிலும் பல சாதி உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தட்டையான தோல் வட்டத்தில் கையால் ஓவியம் தீட்டியவை இருந்தன. கம்பளி ஃபெல்ட் துணியில் பூவேலை செய்தவை இருந்தன. சீனா-பர்மா-இந்தியா களத்தில், உள்ளூர்க் கைவினைஞர்கள் பல நிறத் தோல்களைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த பேட்சுகள் தனி அழகோடு இருந்தன. வால்ட் டிஸ்னியின் கலைக்கூடம் மட்டும் போர்க்காலத்தில் படைப்பிரிவுகளுக்காக ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சின்னங்களை வரைந்து கொடுத்தது. குண்டைச் சுமந்து பறக்கும் கேலிச்சித்திர விலங்குகள் அந்தக் காலத்து மார்புகளில் அத்தனை நிறைந்திருந்ததற்கு அது ஒரு காரணம். பொருத்துபவர் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: ஓவியம் தீட்டிய பேட்சின் வண்ணத்தின்மேல் எதுவும் உரசக்கூடாது, அடுக்குத் தோல் பேட்சின் மேடுபள்ளங்களில் எந்த இயந்திரமும் சீராக ஓடாது. இந்த இரண்டு வகைகளில் ஒன்று உங்களிடம் இருந்தால், கீழே வரும் ஒப்பீட்டில் பாதியைப் படிக்காமலேயே தாண்டிச் செல்லலாம்.

தைப்பது என்று முடிவாகிவிட்டால், உடனே கையா இயந்திரமா என்று யோசிக்கத் தொடங்குவது வழக்கம். அதற்கு முன்னால் தீர்க்கவேண்டியது லைனிங்கைத் திறப்பதா வேண்டாமா என்பது. அசல் ஜாக்கெட்டுகளில் லைனிங்வரை தையல் ஊடுருவியவையும் உண்டு, தோலோடு நின்றவையும் உண்டு. ஆகவே பழைய வழக்கம் என்று எதையும் காட்டி இதைத் தீர்க்கமுடியாது. லைனிங்கையும் சேர்த்துத் தைத்தால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் உடல் அசையும்போது தோலும் லைனிங்கும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரவேண்டியவை. லைனிங்கைச் சற்றுத் தாராளமாக வெட்டுவதே அதற்காகத்தான். இரண்டையும் ஒரு வட்டத்தில் பூட்டிவிட்டால், கையை உயர்த்தும்போதெல்லாம் அந்த வட்டம் லைனிங்கைப் பிடித்து இழுக்கும். நாளடைவில் பருத்தி தையலோரத்தில் நைந்துபோவதும், வெளியே பேட்சைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் எழுவதும் இதனால்தான். உள்பை இருக்கும் ஜாக்கெட்டில் என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

திறப்பது பலரும் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. இன்று தயாராகும் ஜாக்கெட்டுகள் பலவற்றில், தோலுறையையும் லைனிங்கையும் உட்புறம் வெளியாகத் தைத்து, கடைசியில் ஒரு சிறு வாய் வழியாகத் திருப்பி எடுப்பார்கள். அந்த வாய் பெரும்பாலும் கையின் லைனிங்கில் இருக்கும். கை லைனிங்கை வெளியே இழுத்துத் தடவிப் பாருங்கள்: மற்ற தையல்கள் எல்லாம் மறைவாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மேல்தையல் வெளிப்படையாக ஓடினால், தொழிற்சாலை அந்த வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது என்று பொருள். நாமும் அந்த வழியாகவே நுழையலாம். அப்படி ஒன்று தென்படவில்லை என்றால், ஜிப்பை ஒட்டி உள்ளே வரும் தோற்பட்டையும் லைனிங்கும் சேரும் நெடுந்தையலில் ஒரு சாண் அளவு பிரித்துக்கொள்ளலாம். அது துணியும் தோலும் சேரும் இடமாதலால், திரும்பத் தைக்கும்போது தோலில் இருக்கும் பழைய துளைகளையே பயன்படுத்தவேண்டும். இடுப்புப் பின்னல் பட்டையை ஒட்டிய தையலைத் தொடவேண்டாம். பல ஜாக்கெட்டுகளில் தோல், பின்னல், லைனிங் மூன்றும் அங்கே ஒரே தையலில் நிற்கின்றன. அதைப் பிரித்தால் வெளித்தோற்றமும் கலையும்.

இனி கைத்தையலுக்கு வருவோம். என் தேர்வு எது என்பதை மறைத்துவைக்க விரும்பவில்லை: மார்பில் ஒரே ஒரு பேட்ச், அதுவும் நிலையாக இருக்கவேண்டிய பேட்ச் என்றால் கைத்தையலே சிறந்தது. காரணம், துளைகளை நீங்களே எண்ணி, நீங்களே இடம் குறித்துப் போடுகிறீர்கள். மேசைமேல் பலகையை வைத்து, பேட்சின் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு வரைந்து, மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் பேட்சில் மட்டும் முதலில் துளையிட்டுவிடவேண்டும். ஐந்து அங்குல வட்டத்துக்கு ஏறக்குறைய 108 துளைகள் வரும். கடைசி நான்கைந்து துளைகளில் இடைவெளியைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வட்டத்தைச் சரியாக மூடிக்கொள்ளலாம், யார் கண்ணுக்கும் தெரியாது. பின்னர் மிகக் குறுகிய இருபுறப் பசைநாடாவால் பேட்சை அதன் இடத்தில் நிறுத்தி, அந்தத் துளைகளின் வழியாகவே குத்தூசியை ஜாக்கெட்டின் தோலுக்குள் இறக்கவேண்டும். குண்டூசியால் நிறுத்தக்கூடாது, குண்டூசியின் துளையும் துளைதான்.

இந்த இடத்தில் பிறர் அதிகம் சொல்லாத ஒரு சிறு உபாயம்: லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பாட்டில் தக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குத்தூசி தோலைக் கடந்ததும் தக்கையில் போய் நிற்கும். லைனிங்கிலும் படாது, விரலிலும் படாது. குதிரைத்தோலை ஊசிமுனை கடக்கும் நொடியில் ‘பொட்’டென்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும், உடனே கைக்கு எதிர்ப்பு குறையும்; பத்துத் துளைகளுக்குள் அந்த ஒலி பழகிவிடும், அதன்பிறகு எவ்வளவு அழுத்துவது என்று யோசிக்கவே வேண்டாம்.

ஊசியைப் பொறுத்தவரை, முன்பே துளையிட்டுவிட்டதால் மழுங்கிய முனையுள்ள தோல் ஊசியே போதும். மும்முனைக் கூர்மையுள்ள ஊசி ஒவ்வொருமுறையும் தோலை வெட்டிக்கொண்டு போகும். அதே துளையில் இரண்டாம்முறை நுழையும்போது ஏற்கெனவே போட்ட நூலையும் வெட்டிவிடும். தையல் வகையில் இரண்டு ஊசிகளை எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையல் உறுதியில் முதன்மையானது என்றாலும், ஒரு கை லைனிங்குக்குள் சிக்கியிருக்கும் நிலையில் அது பெரும் இம்சை. அதற்குப் பதிலாக, ஒரே ஊசியால் வட்டம் முழுவதும் நூலோட்டிவிட்டு, அதே துளைகளின் வழியாக இரண்டாம் சுற்று வந்து விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. நூல் தையற்கோட்டின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், எடுத்துக்கொண்டால் நடுவில் ஒட்டுப்போடவேண்டி வராது.

நூல் விஷயத்தில் ஒரு சபலம் உண்டு. பழைய தோற்றம் வேண்டும் என்பதற்காகப் பருத்தி நூலைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் அமிலத்தன்மை பருத்தியை மெல்ல அரித்துவிடும். தையல் ஒருநாள் தானாகவே விட்டுப்போகும். பாலியெஸ்டர் நூலில் மெழுகு ஏற்றியது பார்வைக்கு ஏறக்குறைய பருத்தியைப் போலவே இருக்கும். நைலான் நல்ல வலுவுள்ளதுதான், ஆனால் வெயிலை பாலியெஸ்டர் அளவுக்குத் தாங்காது. மார்பில் இருப்பது நாள்முழுதும் வெயில் வாங்கும் இடம். நிறத்தில் பேட்சின் ஓர நிறத்தைப் பின்பற்றுவது நல்லது. ஜாக்கெட்டின் நிறத்தைப் பின்பற்றினால் பேட்சைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும்.

கைத்தையலின் குறை நேரம்தான். முதல்முறை செய்பவருக்கு, லைனிங்கைத் திறந்து மூடுவது உட்பட, அரைநாள் போய்விடும்.

இயந்திரம் அந்த அரைநாளைப் பத்து நிமிடமாக்கும். ஆனால் எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்துப் பலன் அடியோடு மாறும். வீட்டுத் தையல் இயந்திரத்தில் தோலுக்கான வெட்டுமுனை ஊசி, 100 அல்லது 110 எண் அளவில், போட்டு, தையல் நீளத்தை மூன்றரை அல்லது நான்கு மில்லிமீட்டருக்கு ஏற்றினால், ஒரு மில்லிமீட்டர் பேட்சையும் ஒரு மில்லிமீட்டர் ஜாக்கெட்டையும் அது பெரும்பாலும் துளைத்துவிடும். துளைப்பது அங்கே பிரச்சினை ஆவதில்லை. கீழே உள்ள பற்கள் ஜாக்கெட்டை முன்னே தள்ளும், மேலே பொருளை அழுத்திப் பிடிக்கும் பாதமான பிரஷர் ஃபுட் பேட்சைப் பிடித்து நிறுத்தும். இரண்டும் வேறுவேறு வேகத்தில் நகர்வதால், வட்டம் சுற்றி முடிக்கும் இடத்தில் பேட்ச் ஒரு சிறு கொப்புளமாகப் புடைத்து நிற்கும். டெஃப்லான் பூசிய ஃபுட்டோ உருளை வைத்த ஃபுட்டோ இதைக் குறைக்கும், நீக்காது. மேலும் கீழும் சேர்ந்து நடக்கும் ஃபுட் கொண்ட தொழிற்சாலை இயந்திரம் நீக்கும். ஆனால் அந்த இயந்திரத்தின் கழுத்துக்குள் ஒரு முழு ஜாக்கெட்டைச் சுருட்டி நுழைத்து, வட்டமாகத் திருப்பிக்கொண்டே தைப்பதற்கு இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டியிருக்கும்.

காலணி பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும் ஒட்டுத்தையல் இயந்திரம், சிங்கர் 29 வரிசையைச் சேர்ந்தவை இவற்றில் பெயர்பெற்றவை, இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அதன் நீண்டு மெலிந்த கை ஜாக்கெட்டின் கைக்குள்ளேயே நுழையும். ஃபுட் எந்தத் திசைக்கும் முழுவட்டமாகத் திரும்பும். ஜாக்கெட்டைத் திருப்பவேண்டியதில்லை, ஃபுட்டைத் திருப்பினால் போதும். இதன் குறையும் அந்த ஃபுட்டில்தான் இருக்கிறது. இந்த இயந்திரத்தில் பொருளை நகர்த்துவது கீழே உள்ள பற்கள் அல்ல, மேலிருந்து அழுத்தி இழுக்கும் பல்வைத்த ஃபுட். அது பேட்சின் முகத்தின்மீது தன் பல்தடத்தைப் பதித்துவிட்டுப் போகும். சாயமேற்றிய தடித்த தோலில் அந்தத் தடம் சில நாட்களில் அடங்கிவிடலாம். ஓவியம் தீட்டிய பேட்சில் அது வண்ணத்தைப் பெயர்த்துவிடும். அப்படிப்பட்ட பேட்சை இந்த இயந்திரத்தில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பிறரிடம் இயந்திரத் தையலுக்குக் கொடுப்பதானால் மூன்று செய்திகளைத் தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது: தையல் தோலோடு நிற்கவேண்டும், லைனிங்கைத் தொடக்கூடாது; அங்குலத்துக்கு ஏழு தையலுக்குமேல் வேண்டாம்; தொடங்கிய இடத்தில் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டவேண்டாம், நூல்முனைகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடவேண்டும். மூன்றாவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. துணியில் பழகிய கை தானாகவே நான்கு தையல் பின்னே ஓட்டிவிடும். தோலில் அந்த நான்கு தையலும் ஒரே இடத்தில் எட்டுத் துளைகளாகி, அந்த இடம் மட்டும் கிழிந்துவிடும். கூடவே ஒரு தோல்துண்டைக் கொடுத்து முதலில் அதில் தைத்துக் காட்டச் சொன்னால், பேச்சில் புரியாதது கண்ணில் புரிந்துவிடும்.

பசையை ஆதரிப்பவர்களின் வாதம் கேட்க நன்றாகவே இருக்கும்: துளை இல்லை, லைனிங்கைத் திறக்கவேண்டியதில்லை, பத்து நிமிட வேலை. ஜாக்கெட்டின் தோலுக்குமேல் ஒரு மெல்லிய மேற்பூச்சு இருப்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. நிறத்தையும் பளபளப்பையும் தருவது அந்தப் பூச்சுதான். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் அந்தப் பூச்சைத்தான் பிடித்துக்கொள்கிறது, தோலையல்ல. பேட்சை இழுத்தால் பூச்சும் பேட்சோடு வந்துவிடும். அதைத் தவிர்க்க மேற்பரப்பை முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சை நீக்கிவிட்டு ஒட்டுபவர்கள் உண்டு. பிடிப்பு வலுக்கும் என்பது மெய்தான், ஆனால் தடயம் விடக்கூடாது என்று பசைக்குப் போனவர் கடைசியில் தையலைவிடப் பெரிய தடயத்தைத் தம் கையாலேயே உண்டாக்கிக்கொள்கிறார். கைத்தையலின் 108 துளைகள் நெருங்கி வந்தால்தான் தெரியும். ஐந்து அங்குல வெளிறிய வட்டம் தெருமுனையிலிருந்தே தெரியும். எஞ்சிய பசையை நீக்கத் தின்னரைத் தொட்டால் சாயமும் கூடவே கரைந்துவரும். சில நொடிகளில் இறுகும் உடனடிப் பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது தோலில் ஊறிக் கண்ணாடிபோல் விறைத்துவிடும், மடியும்போது வெடிக்கும்.

பசைக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. தைக்கும்வரை பேட்ச் நகராமல் இருக்க, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே மூன்று நான்கு சிறு புள்ளிகள் ரப்பர் பசை, விரலால் உருட்டினால் உரிந்துவரும் வகை, வைக்கலாம். தையற்கோட்டில் மட்டும் படக்கூடாது, ஊசியில் பிசுபிசுத்து நூலைத் தடுக்கும்.

வெல்க்ரோவைக் கண்டால் பழமைவிரும்பிகள் முகம் சுளிப்பார்கள். போர்க்காலத்தில் அது இல்லை என்பது உண்மை. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1950-களில். ஆனால் 1988-இல் அமெரிக்க விமானப்படை ஏ-2 ஜாக்கெட்டை மீண்டும் வழங்கத் தொடங்கியபோது, பெயர்ப்பட்டையும் சின்னங்களும் வெல்க்ரோவில்தான் வந்தன. காரணம் எளிது: விமானி ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார், ஜாக்கெட் மாறுவதில்லை. ஆகவே உங்களுடையது அந்தக் காலத்து ஏ-2-வின் மறுஆக்கம் என்றால் வெல்க்ரோதான் வரலாற்றுக்குப் பொருத்தமானது. 1942-ஐ நினைவூட்டும் ஜாக்கெட்டில் அது கைக்கடிகாரம் கட்டிய இராஜராஜன் சிலைபோல் இருக்கும்.

வரலாறு ஒருபுறம் இருக்க, வெல்க்ரோவால் தையல் தவிர்க்கப்படுகிறது என்று எண்ணுவது பிழை. ஜாக்கெட்டின்மேல் ஒரு வெல்க்ரோ வட்டத்தைச் சுற்றித் தைத்தே ஆகவேண்டும். துளைகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இராது. ஒருமுறை போட்ட துளைகளின்மேல் எத்தனை பேட்சுகளையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் இலாபம். ஜாக்கெட்டில் மென்மையான பஞ்சுப் பக்கமும், பேட்சின் முதுகில் கொக்கிப் பக்கமும் வரவேண்டும். மாற்றி வைத்தால், பேட்ச் இல்லாத நாளில் மார்பிலுள்ள கொக்கிகள் சால்வையையும் ஸ்வெட்டரையும் பிடித்துப் பிய்க்கும். பஞ்சு வட்டத்தைப் பேட்சைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறியதாக வெட்டினால் ஓரம் எட்டிப்பார்க்காது. இரண்டு பக்கங்களும் சேர்ந்து நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன் ஏறிவிடுவதால் பேட்ச் தோலோடு படிந்து கிடக்காமல் பதக்கம்போல் துருத்தி நிற்கும். மெல்லிய பேட்சாக இருந்தால் அதன் ஓரங்கள் நாளடைவில் வெளிப்பக்கமாகச் சுருளும். எனக்கு உறுத்துவது அந்தத் துருத்தல்தான். காலப்பொருத்தத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

டிச் பட்டன்கள் கனத்தவை, பேட்சின் நடுவைத் தொங்கவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய துளை கேட்கும். பரிந்துரைக்க எதுவும் இல்லை. காந்தம் தடயமே விடாது என்பதால் ஒருநாள் நிகழ்ச்சிக்கு, அல்லது இடம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு, மிகவும் வசதியானது. ஆனால் தோளில் பை மாட்டினால் வழுக்கும், கதவில் உரசினால் விழும். ஒரு எச்சரிக்கை இதில் தவிர்க்கமுடியாதது: பேட்ச் வரும் இடம் இடது மார்பு. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் அங்கே வலுவான நியோடிமியம் காந்தத்தை வைக்கவே கூடாது.

அசல் போர்க்கால ஜாக்கெட் கைக்கு வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. அவற்றில் பலவற்றின் இடது மார்பில், எப்போதோ கழற்றப்பட்ட பேட்சின் உருவம் இன்னும் இருக்கும். வெயில் படாத அந்த வட்டம் மட்டும் அடர்ந்த நிறத்தோடும், சுற்றிலும் ஊசித்துளைகளோடும் தெரியும். சேகரிப்பவர்கள் அந்தத் துளைகளின் விட்டத்தை அளந்துதான் அங்கே எவ்வளவு பெரிய பேட்ச் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அந்தத் தோலில் புதிதாக ஒரு துளையும் போடாதீர்கள். ஒரு பேட்ச் வைத்தே தீரவேண்டும் என்றால், பழைய துளைகளின் வழியாக மட்டும், மழுங்கிய ஊசியால், இழுத்து இறுக்காமல் தைக்கலாம். அங்கே குத்தூசிக்கே வேலை இல்லை.

எந்த முறையானாலும் பேட்சின் இடத்தை ஜாக்கெட்டை மேசையில் விரித்துவைத்துக் குறிக்கக்கூடாது. மேசையில் தட்டையாகக் கிடக்கும் முன்பலகை, அணிந்ததும் மார்பின் வளைவுக்கேற்பத் திரும்பிக்கொள்ளும். மேசையில் நேராகத் தெரிந்த கழுகு உடம்பில் அக்குளை நோக்கிப் பறக்கத் தொடங்கிவிடும். அணிந்து, ஜிப்பை மேல்வரை ஏற்றி, பேட்சின் அளவுக்கு வெட்டிய காகிதத்தை எளிதில் உரியும் நாடாவால் ஒட்டிக் கண்ணாடிமுன் நின்று பார்க்கவேண்டும். பேட்சின் செங்குத்துக் கோடு ஜிப்புக்கு இணையாக இருக்கட்டும். கீழ்விளிம்புக்கும் பையின் மூடிக்கும் நடுவில் மூடியைத் தூக்கித் திறக்கும் அளவுக்கு இடம் வேண்டும். மேலே பெயர்ப்பட்டை வைப்பதாக இருந்தால் அதற்கும் இப்போதே இடம் ஒதுக்கவேண்டும். அமர்ந்தும் ஒருமுறை பாருங்கள். நிற்கும்போது சரியாக இருந்த பேட்ச், உட்கார்ந்ததும் இடுப்புப் பட்டை மேலேறி, கழுத்துப் பட்டியின் நுனியில் போய் முட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மேற்சொன்னவற்றை எல்லாம் வைத்து ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். குதிரைத்தோல் ஏ-2, ஒரே பேட்ச், மாற்றும் எண்ணம் இல்லை என்றால் லைனிங்கைத் திறந்து கையால் தையுங்கள். ஜி-1-இல் மார்பு, தோள், கை என்று ஐந்தாறு பேட்சுகள் வரப்போகின்றன, அவை தட்டையான பேட்சுகள் என்றால், சுற்றித் தைக்கும் ஒட்டுத்தையல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள்; அத்தனையையும் கையால் தைக்க முனைந்தால் நாலாவது பேட்சில் பொறுமை போய்விடும், அந்த நாலாவது பேட்ச் என்றென்றும் அதைக் காட்டிக்கொண்டிருக்கும். அடிக்கடி மாற்றவேண்டும் என்பவருக்கு வெல்க்ரோ. இன்னும் மனம் தீர்மானிக்காதவர் ஒரு மாதம் காந்தத்தோடு உலவலாம். பசையை மட்டும் நம்பி ஒட்டுவதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

என் ஜாக்கெட்டை நான் சரிசெய்த கதை மீதியிருக்கிறது. தையலைப் பிரித்தபோது 180 துளைகளும் வரிசையாகச் சிரித்தன. புதிதாகத் துளையிட இடமே இல்லை. பேட்சிலும் அதே துளைகள். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக்கொண்டால் அங்குலத்துக்கு ஆறு தையல் வரும் என்று கணக்குப் போட்டு, தொண்ணூறு துளைகளில் மட்டும் இரண்டு சுற்று நூலோட்டினேன். விட்டுவைத்த தொண்ணூறு துளைகளைக் கட்டைவிரலால் தேன்மெழுகு தேய்த்து அடைத்தேன். பேட்சில் அவை மறைந்துவிட்டன, ஜாக்கெட்டில் உள்ளவை பேட்சுக்கு அடியில் கிடக்கின்றன. லைனிங்கை இடது கையின் வாய் வழியாகத் திறந்து, அதே வழியாக மூடினேன். மிஞ்சிய பழுப்பு நூலை ஓர் அட்டைத்துண்டில் சுற்றி, ஊசியையும் அதில் செருகி, உள்பையில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது கை அடிவரை போகிறது.